மதுரைக் கல்லும் திருச்சி மகாலும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காதுகுத்துக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மூட்டுவலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் விருந்தாளிகளை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போனேன். உன் அப்பா வாய்தா வாய்தாவாக அலைந்த அதே இடம்தான். 1970 வரை அங்கே கோர்ட் நடந்தது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

1636-ல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்குதான். அரண்மனையில் சொர்க்கவிலாசம் என்ற பகுதி நிற்கிறது, ரங்கவிலாசம் என்ற பகுதி போய்விட்டது. எந்தப் பகைவனும் வந்து இடிக்கவில்லை. சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர்தான் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது கல்லையும் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார். ஆக, உங்கள் ஊர்க்காரர்கள் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்! விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் நிற்கிறதே, அதைப் பார்த்தால் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்று புரியும். தீபாவளிக்குத் துணி எடுக்க அந்த வழியாகத்தானே போவோம்! ஒருநாளாவது அண்ணாந்து பார்த்திருப்போமா?

அப்புறம் இரண்டு நூற்றாண்டு கவனிப்பாரில்லை. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். சென்னையில் நேப்பியர் பாலம் இருக்கிறதே, அவர்தான். வேலையைக் கவனித்தவர் ராபர்ட் சிஸம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவர். பழுதுபார்த்த கட்டடத்தைச் சும்மா பூட்டி வைக்காமல் கோர்ட்டுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்தார்கள். ராஜா கொலுவிருந்த மண்டபத்தில் குமாஸ்தாக்களா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் ஆள் புழங்கியதால்தான் கூரை ஒழுகினால் கேட்க ஒருத்தர் இருந்தார். இல்லாவிட்டால் மிச்சக் கல்லையும் யாராவது வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

தூண்களில் பெயர் கிறுக்கும் காதலர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுதையாம் அது, ஆணியால் கீறுகிறார்கள்.

மலைக்கோட்டைப் பக்கம் ராணி மங்கம்மாள் மகாலில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நீ போயிருக்கிறாயா? அது சொக்கநாதர் கட்டிய தர்பார் மண்டபம் என்கிறார்கள். போனால் தூண்களை நன்றாகப் பார்த்து எனக்கு எழுது. தை மாதம் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம் இருக்கிறது, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு.

அன்புடன்,
ராமு