ஊரையும் சேர்த்துக்கொள்ளட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகரத்து வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் கூட்டாக நிலம் வாங்கி, ஒரே அடுப்பு, ஒரே களஞ்சியம் என்று வாழத் தொடங்கியிருக்கும் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் படித்தேன். நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருப்பவள் நான். எஸ்டேட் பங்களாக்களையும் ரிசார்ட்டுகளையும் பார்த்துப் பழகிய மலை இது. மருந்தில்லாமல் பயிர் வைக்கவும் அதையே பிள்ளைகளுக்குப் பாடமாக்கவும் சிலர் வந்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அந்தக் கட்டுரையில் ஊர்க்காரர்கள் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார்கள், அதுவும் கூலியாட்களாக. அதுதான் உறுத்தியது.

1820களில் வெள்ளைக்காரர்கள் காப்பியைக் கொண்டுவரும் முன்பே மலையாளி என்ற பெயர் கொண்ட இந்த மலைப் பழங்குடி மக்கள் இங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள். சூழல் கல்விக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் வெள்ளக்கடை, செம்மநத்தம் போன்ற இங்குள்ள ஊர்களிலேயே தேடலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அராபிகா வகைக் காப்பியை அழிப்பது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. தாய் வண்டு பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டு பறக்கும். அதற்கு முன்பே தேங்காய் நாரால் தண்டைத் தேய்த்து, உரிந்து நிற்கும் பட்டையை எடுத்துவிட்டால் முட்டை வைக்க இடுக்கு இருக்காது. எங்கள் தோட்டத்துக்கு வரும் பாட்டி தண்டைத் தடவிப் பார்த்தே, பட்டையில் வரிவரியாகப் புடைத்திருப்பதை வைத்து, உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வெயில் விழும் செடியைத்தான் வண்டு தேடி வரும். அதனால் எந்த நிழல் மரத்தில் கை வைக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. ஒரு பருவம் முழுக்க அவர் பின்னாலேயே நடக்கும் பிள்ளை எவ்வளவு கற்றுக்கொள்ளும்! சனி, ஞாயிறு முகாமுக்கு வந்து ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலைக் கலக்கிவிட்டுப் போகும் பிள்ளைக்கு அது கிடைக்காது.

இன்னொன்று, மலைச்சரிவில் ஒரு பண்ணை மட்டும் தனியாக இயற்கைப் பண்ணையாக இருக்க முடியாது. மேல் தோட்டத்தில் அடிக்கும் மருந்து மழையோடு கீழ்த் தோட்டத்துக்கு இறங்கிவிடும். அக்கம்பக்கத்தாரைச் சேர்க்காமல் வேலி போட்டுப் பயனில்லை. சேர்ப்பதற்கு வழியும் இருக்கிறது. பி.ஜி.எஸ். இந்தியா என்ற பங்கேற்புச் சான்று முறையில் குறைந்தது 5 விவசாயிகள் குழுவானால் போதும். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் வந்து பார்த்து உறுதி சொல்வார்கள். வெளி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கப் போனால் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். என்னைப் போன்ற சிறு விவசாயி தனியாளாக அந்தச் செலவைத் தாங்க முடியாது.

தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1993இல் அங்கே தொடங்கியது பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணி. பின்னாளில் அது இயற்கை விவசாயத்துக்கும் விரிந்து, இன்று மலையாளிப் பழங்குடி விவசாயிகளே அங்கு சங்கம் வைத்து நடத்துகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஊரோடு கலந்ததால்தான் அது நடந்தது.

கட்டுரையில் வந்த குடும்பங்கள் தங்கள் பள்ளியில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் இடம் தர வேண்டும். கற்றுக்கொடுக்க வரும் பெரியவர்களுக்கு, நகரத்திலிருந்து வரும் பயிற்றுநருக்குத் தரும் அதே சம்பளத்தைத் தர வேண்டும். எங்கள் பகுதியில் மருந்தடிப்பதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் சில இருக்கிறோம். கட்டுரையில் வந்தவர்கள் அழைத்தால் சான்றுக் குழுவில் சேர நாங்கள் தயார். என் முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அதை அவர்களிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காப்பி விவசாயி ஒருத்தி,
நாகலூர், ஏற்காடு.