கடைக்காலுக்குள் ஒரு கால்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. கைப்பிடியைப் பிடிக்காமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. ஆனாலும் அவசரப்படாதே, முழங்கால் இன்னும் கொஞ்சம் தேறட்டும்.

இங்கே தம்பி வீட்டு வேலை தொடங்கிவிட்டது. பள்ளம் எடுக்கும்போது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "கடக்கால் இந்த ஆழம் போதும்" என்றார் கொத்தனார். எத்தனையோ தடவை கேட்ட சொல், அன்றைக்குத்தான் அதற்குள் ஒரு கால் இருப்பது உறைத்தது. எழுத்தில் கடைக்கால், அதாவது அஸ்திவாரம். கடை என்றால் கோடி, கீழ். கட்டடத்தின் அடிக்கோடியில் ஊன்றி நிற்கும் கால்.

நம் மொழியில் நிற்கிற எதற்கும் கால் உண்டு. கட்டிலுக்கு, நாற்காலிக்கு, பந்தலுக்கு. ஆயிரங்கால் மண்டபத்தில் கால் என்பது தூண்தான். மலையாளத்தில் கால், தெலுங்கிலும் கன்னடத்திலும் காலு என்று இருப்பதால், இவை பிரிவதற்கு முந்தைய சொல் இது. நாலில் ஒரு பங்கையும் கால் என்கிறோம். நாற்கால் விலங்கின் ஒரு காலிலிருந்து அது வந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. வடமொழியில் பாதம் என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள்.

அஸ்திவாரத்தைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் அஸ்திபாரம் என்பார்கள். அஸ்தி எலும்பு, பாரம் சுமை என்று பிரித்துப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு உடம்பு!

அப்புறம், பொறியாளர்கள் சொல்லும் 'பைல்' (pile), கட்டடத்தைத் தாங்க மண்ணில் ஆழமாக இறக்கும் கம்பம், இருக்கிறதே, அந்தச் சொல்லின் வேர் ரோமானிய வீரர்கள் எறிந்த 'பீலும்' என்ற ஈட்டி. மண்ணில் குத்தி இறக்குவது அந்தப் பெயர் வைத்தவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது, நிற்பது நம் கண்ணில். ஆம்ஸ்டர்டாமில் 1648இல் கட்டத் தொடங்கிய நகர மன்றம், இன்றைய அரண்மனை, 13,659 மரப் பைல்கள் மேல் நிற்கிறது. சேற்று மண்ணைத் தாண்டிக் கீழே உள்ள மணல் அடுக்கில் அவை ஊன்றியிருக்கின்றன. நிலத்தடி நீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் இருப்பதால் மரம் உளுத்துப் போகவில்லை. இத்தனை நூற்றாண்டு ஒரே இடத்தில் நிற்கும் அவற்றை ஈட்டி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கால் என்றுதான் சொல்வேன்.

கடைக்காலுக்குப் பள்ளம் எடுப்பதை உங்கள் பக்கம் 'வானம் தோண்டுவது' என்பார்கள், இல்லையா? அதை நீதான் எழுத வேண்டும்.

அன்புடன்,
முத்து