ஜார்ஜ் அட்கின்ஸ் ஐயாவுக்கு ஒரு நேயர் கடிதம்

அன்புள்ள ஜார்ஜ் அட்கின்ஸ் ஐயாவுக்கு,

வணக்கம். கனடா வானொலியில் விவசாயம் பேசிய நீங்கள் 2009இலேயே மறைந்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வராது என்று தெரியும். ஆனாலும் வானொலிக்காரர்களுக்கு நேயர்கள் கடிதம் எழுதுவதுதானே வழக்கம். எழுதிவிடுகிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் பிறந்தவன். என் தாத்தா காலத்தில் எங்கள் ஊரில் ஒரே ஒரு ரேடியோதான் இருந்தது. பஞ்சாயத்து ரேடியோ. சாயங்காலம் ஒலிபெருக்கியைப் போட்டால் தெருவே வந்து உட்கார்ந்துவிடும். சினிமாப் பாட்டுக்கு வந்த கூட்டம் விவசாய நிகழ்ச்சிக்கும் எழுந்து போகாது என்பார் தாத்தா. 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலி அந்த நெல்லைப் பற்றி விடாமல் பேசியதால் தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு விதைக்கு வானொலியின் பெயர்! உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய விருது எந்த நாட்டிலும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் கதையை நான் படித்தது பல வருஷம் கழித்து. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் சிபிசி வானொலியில் சுமார் 25 ஆண்டுகள் விவசாயச் செய்தி சொன்னவர் நீங்கள். உங்கள் நிலையத்துக்கு அதற்கு முன்பே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. 1941 முதல் 1965 வரை நடந்த தேசிய பண்ணை வானொலி மன்றத்தைச் சொல்கிறேன். குளிர்கால மாதங்களில் திங்கட்கிழமை இரவு அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒரு வீட்டில் கூடுவார்கள். அரை மணி நேரம் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் விவாதிப்பார்கள், என்ன முடிவுக்கு வந்தோம் என்பதை எழுதியும் அனுப்புவார்கள். அந்தப் பதில்கள் மறுபடி வானொலியில் வரும். பனி கொட்டும் இரவில் அப்படிக் கூடியவர்கள் 27,000 பேர் வரை இருந்தார்கள். இந்த முறையைத்தான் 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புனே வட்டாரத்தில் சுமார் 150 கிராமங்களில் மராத்தியில் செய்து பார்த்தார்கள். பிறகு அது இந்தியா முழுவதும் பரவியது. எங்கள் பஞ்சாயத்து ரேடியோவுக்கும் உங்கள் ஊர்க் கணப்படுப்புக்கும் அப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

ஆனால் நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மன்றம் இல்லை. ஒரு பேருந்துப் பயணம்.

1975. ஜாம்பியாவில் காமன்வெல்த் நாடுகளின் விவசாய ஒலிபரப்பாளர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை. பேருந்தில் போகும்போது சியரா லியோன் நாட்டு ஒலிபரப்பாளர் ஒருவரிடம், அண்மையில் என்ன நிகழ்ச்சி செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டிராக்டரின் ஸ்பார்க் பிளக்கைப் பராமரிப்பது பற்றி, என்றார் அவர். உங்கள் நேயர்களில் எத்தனை பேரிடம் டிராக்டர் இருக்கிறது என்று அடுத்துக் கேட்டீர்கள். கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை. மாடு பூட்டி உழுபவர்களே கொஞ்சம்தான். மற்றவர்களுக்குக் கையும் மண்வெட்டியும்தான்.

அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லவில்லை. அவர் மேசைக்கு வந்து சேர்ந்த தகவலெல்லாம் பணக்கார நாடுகளிலிருந்து வந்தவை. இருந்ததை வாசித்தார். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்கள். உங்களுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டை ஒட்டி. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ரொம்ப காலம் ஓய்வு வயது அதுதான். மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்களோ நான்கே வருஷத்தில், 1979இல், வளரும் நாடுகளின் பண்ணை வானொலி வலையமைப்பைத் தொடங்கினீர்கள். சிறு விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே செய்து பார்த்துப் பலன் கண்ட, காசு அதிகம் பிடிக்காத யோசனைகளைத் தேடித் தேடிச் சேகரித்தீர்கள். அவற்றை எளிய உரைகளாக எழுதிப் பல நாட்டு ஒலிபரப்பாளர்களுக்கு அனுப்பினீர்கள். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லுங்கள் என்று அவர்களிடமே விட்டுவிட்டீர்களே, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இதற்குத் தொடக்கத்தில் கைகொடுத்தவர்களில் மாஸி ஃபெர்குசன் நிறுவனமும் ஒன்று. எங்கள் வயல்களில் ஓடும் மாஸி டிராக்டரின் அதே பெயர். மண்வெட்டிக்காரர்களுக்கான வானொலிக்கு டிராக்டர் செய்கிறவர்களையே சம்மதிக்க வைத்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் எவ்வளவு பேசியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் சித்தப்பாவுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அவருடைய கைப்பேசிக்கு ஒரு நிறுவனம் குரல்வழி விவசாய ஆலோசனை அனுப்புகிறது. போன மாதம் வந்தது டிரோனால் மருந்து தெளிப்பது பற்றி. அவர் முழுதாகக் கேட்டார், மரியாதையோடுதான் கேட்டார். பிறகு கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு உங்கள் ஸ்பார்க் பிளக் ஞாபகம் வந்தது. ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. கருவி மாறியிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்கிறது. யாரிடம் பேசுகிறோம் என்பது மட்டும் இன்னும் பேசுகிறவருக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சித்தப்பாவுக்கு அதுகூட வரவில்லை. நம்மிடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. அதுதான் என்னை ரொம்ப வருத்தியது.

அன்று இரவு நீங்கள் பேருந்தில் கேட்டது போல நானும் கேட்டுப் பார்த்தேன். "சித்தப்பா, ரேடியோவிலோ போனிலோ உங்களுக்கு எதைச் சொன்னால் உபயோகமாக இருக்கும்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "மேட்டூர் திறந்தாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி என்னிக்கு வரும்னு ஒருத்தரும் சொல்றதில்ல. அது தெரிஞ்சா என்னிக்கு விதை விடலாம்னு முடிவு பண்ணிடுவேன். வேற ஒண்ணும் வேணாம்ப்பா."

அப்புறம் அவரே, "இதுவரைக்கும் யாரும் இதக் கேட்டதில்ல" என்றார்.

கேட்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் என்பதால், அவர் சொன்னதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
கடைமடையிலிருந்து ஒரு நேயர்