ஒரே பெயர், இரண்டு சபாபதிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய நகைச்சுவைப் படம் என்றால் பலரும் அறுபதுகளோடு நின்றுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். 1941-இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த ‘சபாபதி’யைப் பாருங்கள், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம்தான் கதை. பணக்கார வீட்டுப் பிள்ளை டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என்.ரத்னம், இருவருக்கும் ஒரே பெயர், மண்டையிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. சொன்னதை அட்சரம் பிசகாமல் அப்படியே செய்து வைக்கிற வேலைக்காரனுக்கு முட்டாள் பட்டம், படிப்பு ஏறாத எஜமானுக்கோ நாற்காலியும் மரியாதையும்! அப்புறம், தமிழ் வாத்தியார் சாரங்கபாணி, அவரைச் சொல்லாமல் விட முடியாது. “ரெண்டு பேரும் ஒண்ணுதானே, ஏன் இவரை மட்டும் திட்டுறாங்க?” என்று என் பத்து வயதுப் பேரன் கேட்டான். ஞாயிறு இணைப்பில் இந்தப் படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை