குமிழ்த்தண்டுச் செடிகளைக் காத்துத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

அழிவின் விளிம்பிலுள்ள இயல்நிலக் குமிழ்த்தண்டுச் செடிகளை (வெங்காயம்போல் நிலத்தடிக் குமிழிலிருந்து வளர்பவை) மீட்கும் பணியில் எங்களுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் குழுவின் நெஞ்சார்ந்த நன்றி.

முதல் நன்றி, வீட்டுத் தொட்டிகளில் தாய்ச்செடிகளைப் பேணிவருபவர்களுக்கு உரியது. பல செடிகளின் விதைகளை உலர்த்தி உறைகுளிரில் நெடுங்காலம் சேமித்துவிடலாம்; ஆனால் கிரைனம், நெரைன் போன்ற குமிழ்ப்பூச் செடிகளின் சதைப்பற்றுள்ள விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். மண்ணும் நீரும் இல்லாமல் மேசைமீது வைத்த இடத்திலேயே அவை வேர்விடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். விதை வங்கி கைகொடுக்காத இவ்வினங்கள் உயிருள்ள செடிகளாகவே கைமாறி வரவேண்டியிருப்பதால், பூக்கப் பல ஆண்டுகள் ஆகும் நாற்றுகளைச் சலிக்காமல் வளர்த்ததோடு, இனப்பெயரும் சேகரித்த இடமும் எழுதிய சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்த உங்கள் கவனத்தை எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறோம். பிறப்பிடம் தெரியாத செடியை இயற்கை வாழிடத்தில் திரும்ப நட எங்களுக்குத் துணிவு வராது. துருக்கியின் துலிப்பா ஸ்ப்ரெங்கெரி என்னும் துலிப் பூச்செடி, இயற்கையில் மறைந்த பின்னும் இன்றுவரை பூப்பது தோட்டக்காரர்களால்தான்.

குமிழைப் பிளந்து பெருக்கும் நுணுக்கத்தைக் கற்றுத்தந்த நாற்றங்கால் நண்பர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வெங்காய அடுக்குகள் போன்ற இரண்டிரண்டு செதில்களோடு அவற்றை இணைக்கும் அடித்தட்டின் சிறு துண்டும் ஒட்டியிருக்கும்படி வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சாராயத்தில் துடைத்து, ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் தேக்கும் இலேசான கனிமத் துகள்) இருட்டில் வைத்தால், சில வாரங்களில் செதில்களுக்கிடையே அரிசிமணி போன்ற வெண்குமிழ்கள் திரள்கின்றன. விதை கிடைக்காத இனங்களுக்கு இதுவே எங்கள் நம்பிக்கை.

விதை முற்றும்வரை உழவையும் மேய்ச்சலையும் தள்ளிப்போட்ட நில உரிமையாளர்களுக்கும், செடி நிற்கும் இடத்தை எவரிடமும் சொல்லாமல் காத்தவர்களுக்கும் நன்றி. சிலி நாட்டின் நீலக் குரோக்கஸ் என்னும் பூச்செடி இயற்கையில் அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 2001இல் மீண்டும் கண்டறியப்பட்டது. ஆகவே "இனி இல்லை" எனப்பட்ட சரிவுகளில் தேடி நடந்தவர்களின் உழைப்பை எவரும் வீண் என்று சொல்லவேண்டாம்.

விற்பனைக்கு வந்த குமிழ்கள் காட்டில் தோண்டியவையா, நாற்றங்காலில் வளர்த்தவையா என்று கேட்டு, பதில் கிடைக்காதபோது வாங்காமல் திரும்பியவர்களையும் மறக்கமாட்டோம். காட்டுக் குமிழ்களைத் தோண்டி விற்றதனாலேயே கலாந்தஸ் (பனித்துளிப் பூ) பேரினம் முழுவதையும், அழிவாபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கவேண்டி வந்தது.

இந்தப் பருவத்தில் விளையும் சதைப்பற்று விதைகளை உலரவிடாமல், சேகரித்த இடத்தின் குறிப்போடு விரைவில் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். நாற்றுத் தட்டுகள் தயாராக உள்ளன.

நன்றியுடன்,
இயல்நிலக் குமிழ்ச்செடி வளர்ப்புக் குழுவினர்