தோட்டக் குறிப்பேடு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரைக்குப் பதிலாகத் தோட்டக் குறிப்பேடு எழுதுகிறார்கள். தோட்டத்தைப் பற்றி எழுதுவதையே தொழிலாகச் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) ஓவியமும் பூத்தையலும் பழகியவர். கிட்டப்பார்வை முற்றியதால் அவற்றைக் குறைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். சர்ரேயில் தம் மணற்பாங்கான நிலத்தில் கண்டதை எழுதினார். 1899இல் வந்த அவருடைய முதல் நூல் 'வுட் அண்ட் கார்டன்' மாதவாரியாகப் போகிறது.

அந்த மாதங்களைப் பூமியின் தென்பாதியில், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் டர்பனில் அப்படியே பின்பற்றினால் விதைதான் வீண். அங்கே மார்ச்சில் வசந்தம் பிறக்கிறது. இங்கே கோடை முடிகிறது. அங்கே தெற்கு பார்த்த சுவரோரம் வெயில் விழும். இங்கே வடக்கு பார்த்த சுவரோரம். மாதத்தோடு ஆறு கூட்டி, திசையைத் திருப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறோம். அதுவும் போதாது. நமக்கு மழை கோடையில்தான் கொட்டும். அவர் அஞ்சிய உறைபனி நம் கடற்கரையை எட்டுவதில்லை. நம் மண்ணுக்கான குறிப்பை நம் பிள்ளைகள்தான் எழுத வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் வெண்டை. 20 விதைகளை இரவு ஊறவைத்து, 2 செ.மீ. ஆழத்தில், 40 செ.மீ. இடைவெளியில் ஊன்றுவார்கள். பத்து நாளில் முளைக்காத குழியை விரலால் கிளறிப் பார்க்கட்டும். விதை கூழாகியிருந்தால் மண் குளிர்ந்திருக்கிறது, அல்லது தண்ணீர் மிஞ்சிவிட்டது. கெட்டியாகவே கிடந்தால் ஈரம் போதவில்லை. வெளுத்த முளை வளைந்து நின்றால் மேல்மண் பொருக்குத் தட்டியிருக்கிறது. பூவாளியால் மெல்லத் தெளித்து உதிர்த்துவிடலாம். எது நடந்ததோ அதைத் தேதியோடு எழுத வேண்டும். "சரியாக வளரவில்லை" என்று எழுதினால் அடுத்த வருடம் விதைப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

பென்சில் கொடுத்தனுப்புங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். மழை அளக்க, பக்கம் நேரான தகர டின் ஒன்றும் வேண்டும். காலையில் அடிமட்டத்தால் அளந்து 10 மி.மீ. இருந்தால், ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 10 லிட்டர் விழுந்ததாகக் கணக்கு. அன்று தண்ணீர் விட வேண்டாம்.

வீட்டில் தாத்தா பாட்டி சொல்லும் பக்குவத்தையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கொத்தமல்லியைத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பது, கோடையில் போட்டால் இலை தராமல் பூத்துவிடுவது, இவையெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும்.

ஒரு வேண்டுகோள்: எழுத விட்டுப்போன நாளின் பக்கத்தை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நிரப்ப விடாதீர்கள். வெற்றிடமாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
டர்பன்