நீ அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று படித்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பி.எஸ்சி. படிக்கும்போது லீவுக்கு உங்கள் ஊருக்கு வந்தால், விடியற்காலையில் எழுப்பி வாய்க்கால் கரைவரை என்னை நடத்திக் கூட்டிப்போவாரே, அந்த வேக நடைதான் கண்ணுக்குள் நிற்கிறது. அவருக்குச் சட்டைப் பொத்தான் போடவே இப்போது கால்மணி நேரம் ஆகிறது என்கிறாய்.

"நீ டோபமைனைத்தானே அளக்கிறாய், அப்பாவுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்டிருந்தாய். முடியாதுடா. டோபமைன் மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் வேதிப்பொருள், பார்க்கின்சனில் அது குறைந்துபோகிறது. ஆனால் அப்பாவுக்கு ஏன் அளக்க முடியாது என்று உனக்கு ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவன் நீ, சுலபமாகப் பிடிபடும்.

எங்கள் சென்சார் ஒரு கரி இழை. குறுக்களவு 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி ஏற்றி, குழாயைச் சூடாக்கி இழுத்தால் கண்ணாடி மெலிந்து இழையைக் கவ்விக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே பிளேடால் 100 மைக்ரான் நீளத்துக்கு நறுக்க வேண்டும். அந்த நேரத்தில் ஃபேன் ஓடக் கூடாது. போன வாரம் எங்கள் மாணவி ஒருத்தி காலையிலிருந்து பதினொன்று செய்தாள், நான்குதான் தேறின. நான்காவது தேறியபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

சுண்டெலி மூளையைக் கும்பகோணம் சீவல் மாதிரி மெல்லிசாகச் சீவி, ஆக்சிஜன் குமிழிவிடும் உப்புக் கரைசலில் வைத்தால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் இழையை இறக்கி, மின்னழுத்தத்தை மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட்டுக்கு ஏற்றி இறக்குவோம். வேகம் வினாடிக்கு 400 வோல்ட். ஒரு தடவை ஏறி இறங்க 8.5 மில்லி வினாடி, வினாடிக்கு 10 தடவை. ஏறும்போது 0.6 வோல்ட் பக்கத்தில் டோபமைன் இரண்டு எலக்ட்ரானை விட்டுக் குவினோன் என்ற வேறொரு பொருளாகும், இறங்கும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். நாம் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு செய்த ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம்தான். நெல்லிக்காயில் இருக்கும் அதே வைட்டமின் சி மூளையிலும் நிறைய உண்டு. அதுவும் இந்த அழுத்தத்தை ஒட்டியே எலக்ட்ரானை விடும், ஆனால் திரும்ப வாங்காது. இந்த எலக்ட்ரான்கள் தரும் மின்னோட்டத்தை வளைவாக வரைந்தால், அதன் வடிவத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

அமெரிக்காவில் கான்சாஸில் ரால்ஃப் ஆடம்ஸ் என்ற வேதியியலாளர் 1970களில் எலி மூளைக்குள் மின்முனையை வைத்துத் தொடங்கிய வேலை இது. மூளைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக வடித்துச் சோதிக்கும் முறையில் ஓர் அளவுக்கு நிமிடக் கணக்காகும். டோபமைனோ சட்டென்று எழும்பி, ஓரிரு வினாடியில் செல்களுக்குள் திரும்பிவிடும். அந்த எழுச்சியைத் திரையில் முதன்முதலாகப் பார்த்த அன்று நான் மதியம் சாப்பிடப் போகவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அது எழும்பும்போது மூச்சை நிறுத்திக்கொண்டுதான் பார்க்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அழுத்தத்தை இவ்வளவு வேகமாக ஏற்றி இறக்கும்போது இழையின் மேற்பரப்பு மின்னேற்றம் பெறுவதற்கே சில நூறு நானோஆம்பியர் மின்னோட்டம் ஓடும். டோபமைனுடைய பங்கு சில நானோஆம்பியர். அதனால் ஒரு நொடி முன்பு எடுத்த அளவை இப்போதைய அளவிலிருந்து கழித்துவிடுவோம். கழிக்கும்போது, ஏற்கெனவே அங்கே இருந்த டோபமைனும் சேர்ந்து போய்விடும். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது, இறங்கியது என்று சொல்லும் கோல் இது. வாய்க்காலின் ஆழம் இதற்குத் தெரியாது. அப்பாவுக்கு மிச்சம் எவ்வளவு என்பது ஆழத்தைப் பற்றிய கேள்வி.

அதோடு இழை மூளைக்குள்ளேயே போக வேண்டும். மனிதர்களிடம் அளந்திருக்கிறார்கள், ஆனால் மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை எப்படியும் நடக்கும்போது, அவர்கள் சம்மதத்தோடுதான். 2016இல் வந்த ஓர் ஆய்வில் 17 பார்க்கின்சன் நோயாளிகள் விழித்திருந்து பங்குச்சந்தை மாதிரி ஒரு விளையாட்டு ஆட, அந்த நேரத்து டோபமைன் மாற்றங்களைப் பதிவு செய்தார்கள். ஆராய்ச்சிக்காகச் செய்தது அது, நோயைக் கண்டுபிடிக்க இல்லை. உங்கள் டாக்டர் கையை ஆட்டிப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்துத்தான் சொன்னார் என்று நீ வருத்தப்பட்டிருக்கிறாய். அதுதான் சரியான வழி.

இப்போது நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டோபமைனை மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது, அதனால்தான் லெவோடோபா கொடுக்கிறார்கள். அது போய் அங்கே டோபமைனாக மாறும். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு அது சரியாக ஏறாது. ஒரு நோட்டுப் போடு. மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது கை இலகுவாகிறது, எப்போது மறுபடி இறுகுகிறது என்று இரண்டு வாரம் எழுது. நீயாக அளவைக் கூட்டாதே, குறைக்காதே. நோட்டை டாக்டரிடம் காட்டு, நேரத்தை அவர் மாற்றிக் கொடுப்பார்.

இங்கே நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனையிலும் ஒருமுறை காட்டலாம் என்று எழுதியிருந்தாயே, முந்தின நாளே இருவரும் வந்துவிடுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். இப்போது இருக்கும் வீடு தரைத்தளம், அப்பா படி ஏற வேண்டியதில்லை. இங்கே காலையில் நடக்க நல்ல நிழல் இருக்கிறது, அவர் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நான் கூடப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்